சாணை மெஷினின் ஆட்டத்தை அடக்குவது

செயின்சாவை மரத்தில் வைத்தால் வெட்டு நேராக இறங்க வேண்டும். சில மெஷின்களில் பாதி ஆழம் போனதும் வெட்டு ஒரு பக்கமாக வளையத் தொடங்கும். பார் மரத்துக்குள் இறுகிக்கொள்ளும். பார் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் பலர் முதலில் புது பார் வாங்கிவிடுகிறார்கள். சாணை மெஷினில் தீட்டிய செயின் என்றால், அதற்கு முன் அதைக் கழற்றித் துடைத்து, வெர்னியரால் ஒவ்வொரு பல்லின் நீளத்தையும் அளந்து தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். இடப் பற்களுக்கு ஒரு வரிசை, வலப் பற்களுக்கு ஒரு வரிசை.

அந்த எண்கள் இரண்டு விதமாக அமையும். இடப் பற்கள் தமக்குள் ஒரே அளவு, வலப் பற்களும் தமக்குள் ஒரே அளவு, ஆனால் இரு வரிசைக்கும் இடையே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஒன்று. எந்த ஒழுங்கும் இல்லாமல் எண்கள் ஏறி இறங்குவது மற்றொன்று. இரண்டுமே தீட்டிய மெஷினின் கோளாறுதான். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

இன்றைய செயின் பல்லின் வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காடுகளில் பிறந்தது. அதற்கு முந்தைய செயின்கள் கை ரம்பத்தைப் போல மரத்தைக் கீறியே அறுத்தன; அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946இல் ஓர் அடிமரத்தை வண்டுப் புழு குடைவதைக் கவனித்தார். நாரோட்டமோ குறுக்கோ, எந்தத் திசையிலும் அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போயின. அதைப் பார்த்து, ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் வளைந்து மரத்தைச் சீவி எடுக்கும் செயினைச் செய்தார். அடுத்த ஆண்டே போர்ட்லாண்டில் கம்பெனி தொடங்கினார். ஆரிகன் என்ற பெயரில் இன்று விற்கும் செயின்கள் அதன் வழி வந்தவை.

இந்தப் பல் தச்சரின் இழைப்புளி போல வேலை செய்கிறது. இழைப்புளியின் அடிக்கட்டைக்கு வெளியே உளி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தடிமனுக்குத்தான் சீவல் வரும். செயினில் அந்த அடிக்கட்டையின் வேலையைப் பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு செய்கிறது. டெப்த் கேஜ் என்பது அதுதான். பல்லின் முனையைவிட அது பொதுவாக 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல்லின் மேல்தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் நீளத்தில் குறைவதோடு வெட்டுமுனையும் தாழ்ந்துகொண்டே வரும். நீளமான பல் உயர்ந்து நின்று ஆழமாகக் கடிக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினில் எந்தப் பக்கத்துப் பற்கள் ஆழமாகக் கடிக்கின்றனவோ அந்தப் பக்கம் பார் இழுபடும்.

அனுபவசாலிகள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள்: வட்ட அரத்தால் கையில் தீட்டுகிறவர்களின் செயினில் பற்கள் சமமாகவா இருக்கின்றன, இருந்தும் நேராகத்தானே அறுக்கிறது? நியாயமான கேள்வி. ஒவ்வொரு பல்லுக்கும் அதனதன் உயரத்தைப் பார்த்தே டெப்த் கேஜை இறக்கினால், நீள வித்தியாசத்தைச் செயின் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நல்ல கைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பற்களின் மேல் தகட்டை வைத்து, துருத்தி நிற்பதை ராவும் வழக்கமான முறையில், பற்கள் சமமில்லாவிட்டால் கணக்கு தப்பும். 20 அங்குல பாரில் ஓடும், 72 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) கொண்ட செயினில் 36 பற்கள். அத்தனையையும் ஒரே மாதிரி தீட்டத்தான் மெஷினே வாங்குகிறோம்.

மெஷினின் அமைப்பு எளிது. மோட்டாரையும் சாணைக்கல்லையும் சுமக்கும் கை ஒன்று மேலிருந்து இறங்கும். கீழே வைஸ் செயினைப் பிடித்திருக்கும். தீட்டும் பல்லின் முதுகு ஒரு சிறு தடுப்பில் முட்டி நிற்கும். விலை குறைந்த மெஷின்களில் மோட்டாரும் கல்லும் பெரும்பாலும் போதுமானவை. கெடுப்பது மூட்டுகள்தான்.

எந்தப் பொருளுக்கும் ஆறு வகை அசைவு உண்டு: மூன்று திசைகளில் நகர்வது, மூன்று அச்சுகளில் திரும்புவது. மெஷினின் கைக்கு வேண்டியது மேலும் கீழும் ஆடும் ஒரே அசைவு. மற்ற ஐந்தையும் மூட்டு தடுத்தாக வேண்டும். கருவிகளை இப்படி அசைவுகளை எண்ணி வடிவமைக்க வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வலியுறுத்திய விஷயம். மலிவு மெஷினின் மூட்டில், ஓட்டையைவிடச் சற்றே மெலிந்த கம்பிதான் இருக்கும். அங்கே 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் அற்பமாகத் தெரியும். மூட்டின் இரு தாங்குமுனைகளுக்கும் இடையே 30 மில்லிமீட்டர், மூட்டிலிருந்து கல்லின் நுனிவரை 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 0.1 கல்லின் நுனியில் 0.67 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். ஒரு தடவை தீட்டும்போது பல்லிலிருந்து போக வேண்டியதே அதைவிடக் குறைவு! கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் யாராலும் பிடிக்க முடியாது. ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும் எண்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

இதற்கு மருந்து லேத் பட்டறையில் கிடைக்கும். மூட்டின் ஓட்டையைச் சீராக்கி, இறுக்கமான பித்தளை புஷ் அடித்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைப் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டு இடைவெளியை மெல்லிய வாஷர்களால் நிரப்பி, தளராத நட்டால் பூட்டுங்கள். பட்டறைக்குப் போக வழியில்லாதவர்கள் கையை எப்போதும் ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்கும்படி ஒரு ஸ்பிரிங் மாட்டலாம். அப்போதும் ஆட்டம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்கும். நமக்கு அது போதும்.

தடுப்பையும் கவனிக்க வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் பல்லைத் தள்ளும்போது வளையும். தடித்த தகட்டில் புதிதாக வெட்டிப் போடுவது நல்லது. எண்ணெயும் மரத்தூளும் கலந்த பிசின் பல்லின் முதுகில் ஒட்டியிருந்தால் அந்தத் தடிமனும் நீளக் கணக்கில் சேரும். ஆகவே செயினை முதலில் கழுவுங்கள். கல் எவ்வளவு இறங்கலாம் என்று வைக்கும் திருகு அதிர்வில் நகராதபடி ஒரு லாக் நட் போடுங்கள்.

இனி இட வல வித்தியாசம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் பள்ளிக்கூட முக்கோணவியல் பட்டறை மேசையில் அப்படியே வேலைக்கு வருகிறது. கல் இறங்கும் இடம் மாறுவதில்லை. வைஸ்தான் 30 டிகிரி ஒரு பக்கம் திரும்பி இடப் பல்லையும், 30 டிகிரி மறுபக்கம் திரும்பி வலப் பல்லையும் காட்டுகிறது. செயினின் நடுக்கோடு வைஸ் சுழலும் அச்சுக்கு நேர் மேலே அமைந்தால் இரண்டும் சமமாக வரும். விலகியிருந்தால் ஒரு திருப்பத்தில் பல் கல்லை நெருங்கும், மறு திருப்பத்தில் விலகும். நீளத்தில் வரும் வித்தியாசம், விலகலின் இரு மடங்கைக் கோணத்தின் டான்ஜென்ட்டால் பெருக்கியது. 30 டிகிரிக்கு டான்ஜென்ட் 0.577. அரை மில்லிமீட்டர் விலகலுக்கு 0.58 மில்லிமீட்டர் வித்தியாசம்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கண்ணால் காண முடியாத விலகலை அளந்துவிடலாம். தடுப்பை அசைக்காமல் இடப் பல் ஒன்றையும் வலப் பல் ஒன்றையும் தீட்டி அளந்து, வித்தியாசத்தை 0.87ஆல் பெருக்கினால் விலகல் கிடைக்கும். வைஸைத் தளத்தோடு பூட்டும் போல்ட் ஓட்டைகளை அரத்தால் சற்று நீட்டி, அந்த அளவு நகர்த்திப் பூட்ட வேண்டும். தடுப்புத் திருகை இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாகத் திருப்பிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. 25 டிகிரி செயின் வந்ததும் வித்தியாசம் 0.47 ஆகிவிடும், மறுபடி திருக வேண்டும். செயினின் தடிமனும் கணக்கில் உண்டு. வைஸின் ஒரு தாடை அசையாமலும் மற்றது நகர்வதாகவும் இருந்தால், 1.3 மில்லிமீட்டர் செயினிலிருந்து 1.6க்கு மாறும்போது நடுக்கோடு 0.15 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அதிகம் வரும் செயினுக்கு ஏற்ப மையம் வைத்துக்கொண்டு, மற்றதற்கு ஒரு மெல்லிய ஷிம் வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அளவு சரியானாலும் சூடு கெடுத்துவிடும். எஃகின் மேல் படியும் ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும்: சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 300 டிகிரியை ஒட்டி நீலம். பல்லின் நுனி நீலமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. மழுங்கிய கல் வெட்டாமல் உரசுவதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. கல்லின் முகத்தை டிரெஸ்ஸிங் கல்லால் அடிக்கடி சீராக்கி, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வேகமான மோட்டார் மாட்டாதீர்கள். கல்லில் அச்சிட்ட வேகத்தைத் தாண்டினால் அது வெடித்துச் சிதறும். புதுக் கல்லை மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காத கல்லில் விரிசல் இருக்கும்.

தேயாத கல் வேண்டுமானால் 1957இல் வேதியியலாளர் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கன வடிவ போரான் நைட்ரைடு பூசிய சக்கரம் இருக்கிறது. வைரம் இன்னும் கடினமானதுதான். ஆனால் சூட்டில் அதன் கார்பன் இரும்பில் கரைவதால் எஃகுக்கு உதவாது. போரான் நைட்ரைடு சக்கரத்தின் விட்டம் குறையாததால் முதல் பல்லுக்கு வைத்த ஆழமே கடைசிப் பல்லுக்கும் நிற்கும். விலை அதிகம். நாள்தோறும் செயின் தீட்டும் கடைக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது செயின்சாக்கள் மண்ணில் புரண்ட மரங்களை அறுக்க வேண்டியிருந்தது. மணலிலுள்ள குவார்ட்ஸ் செயின் எஃகைவிடக் கடினம். மண் படிந்த மரம் சில வெட்டுகளிலேயே பல்லை மழுக்கிவிடும். அப்படி அடிபட்ட பல்லின் வெளிப்பரப்பிலுள்ள குரோமியப் பூச்சு எதுவரை உதிர்ந்திருக்கிறதோ அதுவரை தீட்டியாக வேண்டும். ஆகவே செயினிலேயே மோசமான பல்லைத் தேடி முதலில் தீட்டி, தடுப்பை அதற்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசி வேலை டெப்த் கேஜ். பற்கள் சமமான பிறகே அளவுத் தகட்டை வைத்து, துருத்துவதைத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று கூடுதலாக ராவினால் பல் அதிக ஆழம் கடிக்கும். மெஷின் ஆளை நோக்கி உதைத்து எழும் அபாயம் கூடும். குறித்த அளவில் நிறுத்தி, மேட்டின் முன்விளிம்பை முன்பிருந்த மாதிரியே வளைவாக ராவி முடிக்க வேண்டும்.