ஓரத்தில் திரும்பும் ஓலை

வட இலங்கையின் பூநகரியிலோ பளையிலோ ஒரு வீட்டு விறாந்தையில் சாயப்பாய் விரித்திருந்தால், இருக்குமுன் ஒருதடவை குனிந்து பாருங்கள். சிவப்பும் பச்சையுமான கோடுகள் பாயின் நீளத்துக்கு நேராக ஓடுவதில்லை. சரிந்து போய், ஓரத்தில் முட்டி, செங்கோணமாகத் திரும்பி மறுபடி உள்ளே போகின்றன. பனையோலைப் பாயின் கோலங்கள் அத்தனைக்கும் மூலம் இந்தத் திருப்பந்தான்.

சார்வோலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பார்கள். நிறம் வேண்டிய ஓலையைச் சாயத் தண்ணீரில் அவிப்பார்கள். தறியும் இல்லை, பாவு நூலும் இல்லை. மூலையில் தொடங்கிச் சரிவாக இழைத்துக்கொண்டு போக, ஓரத்துக்கு வரும் ஒவ்வோர் ஓலையும் மடித்துத் திருப்பப்படும். சம இடைவெளியில் சாய ஓலை வைத்தால், இரு திசைக் கோடுகளும் வெட்டிச் சாய்சதுரக் கட்டங்கள் தாமாகவே விழும். ஒன்றுவிட்டு ஒன்று எடுக்காமல் இரண்டுவிட்டு இரண்டு எடுத்தால் படிக்கட்டுப்போல ஒரு சரிவரி வரும். அந்தச் சரிவை நடுவில் எதிர்ப்பக்கம் திருப்பினால் நெளிகோடு. நெளிகோடுகள் எதிரெதிரே சந்தித்தால் ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கிய கண்கள். எல்லாம் எண்ணிக்கைதான். ஓர் ஓலை பிசகினாலும் கோலம் குலைந்துவிடும். பிசகிய இடம்வரை பிரித்துத்தான் ஆகவேண்டும். எழுதிய வரைபடம் எதுவுமின்றி இந்தக் கணக்கை விரல்களில் வைத்திருப்பது பெரிய அறிவு.

மற்ற விரிப்புகளின் வழி வேறு. பாரசீகக் கம்பளத்தில் முடிச்சு முடிச்சாக நிறம் வைப்பதால் பூவும் கொடியும் வளைந்து வரும். தமிழ்நாட்டுப் பத்தமடையில் பருத்திப் பாவின் குறுக்கே கோரை ஓடுவதால் கோடுகள் ஓரத்துக்கு நேராக நிற்கும். கண்டிக்கு அருகே ஹேனவலையில் நெய்யும் தும்பறைப் பாய்களில் யானையும் மானும் மயிலும் உண்டு. அதுவும் தறி வேலை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் பாய் நெசவுக்கும் இடம் கொடுத்தார். 2021இல் யுனெஸ்கோ தும்பறைக் கைவினையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உருவங்களுக்குப் பொருள் உண்டா? சில இடங்களில் ஐயத்துக்கே இடமில்லை. துருக்மேனியர் கம்பளத்தின் 'குல்' என்ற எண்கோண உரு குலத்துக்குக் குலம் வேறுபடும். துருக்மேனிஸ்தான் கொடியிலேயே ஐந்து குல்கள் இருக்கின்றன. 1979இல் சோவியத் படை புகுந்த பின் ஆப்கான் கம்பளங்களில் தாங்கிகளும் துப்பாக்கிகளும் ஏறின. ஆனால் துருக்கியக் கிலிம் விரிப்பில் இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணுருவைக் கற்காலத் தாய்த்தெய்வம்வரை கொண்டுபோன தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட்டின் கதை வேறு. 1989இல் அவர் சான்றாகக் காட்டிய கற்காலச் சுவரோவியங்களுக்குப் புகைப்படமே இல்லை, அவர் வரைந்த படங்கள்தான் இருந்தன. அவர் இறந்தபின், 2018இல், அவர் வீட்டில் போலி வரைவுகள் கண்டெடுக்கப்பட்டன.

எனவே பனையோலைப் பாயின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தத்துவத்தைக் கட்டிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். இங்கே பொருள் முதலில் தங்கியிருப்பது, யாருக்கு, எதற்கு இழைத்தது என்பதில். நெல் பரப்பும் பாய்க்கு நிறம் எதற்கு? கலியாண வீட்டுக்கு வந்தவர்களை இருத்தும் பாய்க்குத்தான் சாய ஓலையும் பொறுமையும் செலவாகும். பிள்ளையைக் கிடத்தும் தடுக்கை அளவு பார்த்து, ஓலையை மெல்லிதாக வார்ந்து இழைப்பார்கள். அந்த அக்கறையும் ஒரு மொழிதான்.

2009வரையான போரின் இடப்பெயர்வுகளில் வீடுகளோடு பழைய பாய்களும் போய்விட்டன. பதுங்குகுழிகளுக்காகப் பனைகளும் தறிக்கப்பட்டன. மிஞ்சியதைப் பதிவதில் தாமதம் கூடாது. பாய் இழைக்கும் ஆச்சிமாரிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்கினால், கேட்டவர் மனம் நோகாதிருக்க ஒரு பதில் வந்துவிடக்கூடும். "ஆச்சி, இதை என்னெண்டு சொல்லுறனீங்கள்? ஆர் காட்டித் தந்தது? எத்தினை ஓலைக்கு ஒருக்கா நிறம் வைக்கிறனீங்கள்? ஆற்றை வீட்டுக்கு இழைச்சது?" என்று கேளுங்கள். பாயின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, ஓலைக் கணக்கோடு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.