தொண்ணூற்றெட்டில் நின்றவர்கள் – 11: ஆறு, ஆறு, இருபத்தேழு, இருபத்தேழு

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காப்பாற்றவில்லை. போன வாரம் வினோத் காம்ப்ளியை 17 டெஸ்ட், 54.20 சராசரி என்ற கணக்கோடு நிறுத்தியது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

குற்றவாளி ஒரு ஸ்கோர் கார்டு. காம்ப்ளி 224 அடித்த 1993 வான்கடே டெஸ்ட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு சிவாவிடம் போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எதிரணி இங்கிலாந்து. அதன் முதல் இன்னிங்ஸில் கிரேம் ஹிக் 178. ஹிக் ஆடிய 65 டெஸ்ட்களிலும் அவருடைய உச்சம் அதுதான். வாழ்நாள் முழுக்க ‘இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம்’ என்று பேச்சு வாங்கிய இருவர், ஒரே ஆட்டத்தில், ஒரே ஆடுகளத்தில், தத்தம் உச்சத்தை ஒட்டி நிற்கிறார்கள். அப்புறம் எங்கே சிவா? ஹிக்கின் முதல் டெஸ்ட் எது என்று தேடப் போனேன். 1991 ஜூன், லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி, எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு மூன்று புதுமுகங்கள். ஒருவர் ஹிக். இன்னொருவர் மார்க் ராம்பிரகாஷ். மூன்றாமவர் வேகப்பந்து வீச்சாளர் ஸ்டீவ் வாட்கின். அவரிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் இந்தத் தொடரில் அவருக்கு இடமில்லை. ஹிக் முதல் இன்னிங்ஸில் 6, இரண்டாவதிலும் 6. ராம்பிரகாஷ் முதல் இன்னிங்ஸில் 27, இரண்டாவதிலும் 27.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஹிக் தன் டெஸ்ட் வாழ்க்கையை முடித்தபோது அடித்திருந்த சதங்கள் ஆறு. ராம்பிரகாஷ் 52 டெஸ்ட் ஆடி முடித்தபோது அவருடைய சராசரி 27.32.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, சொல்ல ஆளில்லை. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே, “விளையும் பயிர் முளையிலே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். திரும்பி வந்து இரண்டு நாள் அந்தப் பழமொழியோடு மிதந்தேன். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கடைசியில் சொல்கிறேன்.

ஹிக் யார் என்று தெரியாத இளையவர்களுக்கு. 1966இல் இன்றைய ஜிம்பாப்வேயில் பிறந்தவர், புகையிலைப் பண்ணைக்காரர் மகன். 1983 உலகக் கோப்பைக்கு வந்த ஜிம்பாப்வே அணிப் பட்டியலில் 17 வயதில் அவர் பெயர் இருந்தது. ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஆம், டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் 175 அடித்தாரே, அந்த ஜிம்பாப்வேதான். அன்று அந்த நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. ஹிக் 1984இல் இங்கிலாந்து போய் வூஸ்டர்ஷர் கவுன்ட்டியில் சேர்ந்தார். இங்கிலாந்துக்காக ஆட வேண்டுமானால் ஏழு வருஷம் அங்கேயே குடியிருந்து தகுதி பெற வேண்டும். காத்திருந்தார்.

காத்திருந்த ஏழு வருஷத்தில் அவர் செய்ததுதான் வினையாகப் போயிற்று. 1988 மே மாதம் டான்டனில் சாமர்செட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 405. 35 பவுண்டரி, 11 சிக்சர். அதே டான்டனில் 1895இல் ஆர்ச்சி மெக்லாரன் அடித்த 424க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் அப்படியொரு ஸ்கோர் வந்ததில்லை. அதே மே முடிவதற்குள் அந்தப் பருவத்தின் ஆயிரம் ரன்னும் முடிந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வூஸ்டர்ஷருக்குக் கவுன்ட்டி சாம்பியன் பட்டம். டெஸ்ட் தொப்பி தலையில் ஏறுமுன்பே ஐம்பதுக்கும் மேற்பட்ட முதல்தரச் சதங்கள். அடுத்த பிராட்மன் என்று எழுதினார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து ஏழு வருஷம் கழித்துத் தாலி கட்ட வரும் மாப்பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கும்? அவன் யானையில் வந்தாலும், குதிரையில் வரவில்லையே என்றுதான் சொல்லும்.

மணமேடையில் எதிரே நின்றவர் கர்ட்லி ஆம்ப்ரோஸ். அந்தத் தொடரில் ஹிக் ஆடிய ஏழு இன்னிங்ஸில் ஆறு முறை அவரிடமே அவுட். மொத்தம் 75 ரன். ஐந்தாவது டெஸ்ட்டுக்கு அவரை எடுக்கவில்லை.

நியூசிலாந்தின் ஜான் பிரேஸ்வெல் ஹிக்குக்கு ஒரு பட்டம் சூட்டினார். எங்கள் ஊர்ப் பாஷையில் அதை ‘டென்னிஸ் பால் புலி’ என்று சொல்லலாம். என் சித்தப்பா மகன் ஒருவன் அப்படி இருந்தான். டென்னிஸ் பந்தில் ரேஷன் கடை ஓட்டைத் தாண்டி அடிப்பான். மாவட்ட அணித் தேர்வுக்குப் போனபோது கார்க் பந்து விலாவில் ஒன்று பட்டது. அடுத்த வாரமே வாலிபால் ஆடத் தொடங்கிவிட்டான். இன்றைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும், அவன் மட்டும் ஆடியிருந்தால், என்பார்கள். அவன் முன்னால் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

ஆனால் ஹிக் விஷயத்தில் அந்தப் பட்டம் அநியாயம் என்பது என் கட்சி. 1988இல் அந்த ஆயிரமாவது ரன் யாருக்கு எதிராக வந்தது தெரியுமா? சுற்றுப்பயணம் வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக; அன்று அவர் எடுத்தது 172. 1995இல் ட்ரென்ட் பிரிட்ஜில் அதே அணிக்கு எதிராக டெஸ்ட்டில் ஆட்டமிழக்காமல் 118. 1998இல் ஓவலில் முரளிதரன் 16 விக்கெட் எடுத்துச் சாய்த்தாரே, அந்த ஆட்டத்தில் முரளியைத் தாக்குப்பிடித்து 107. இதெல்லாம் டென்னிஸ் பந்து அல்ல. விலாவுக்கு வரும் பந்தில் அவருக்குச் சங்கடம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய சங்கடம், ஒவ்வொரு இன்னிங்ஸையும் அடுத்த ஆட்டத்துக்கான நுழைவுத் தேர்வாக எழுத வேண்டியிருந்தது. எடுப்பார்கள், நீக்குவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். பத்து வருஷம் இதே கதை.

தொடரின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று பத்து வாரமாகக் கேட்பவர்களுக்கு இப்போது பதில். 1995 ஜனவரி, சிட்னி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹிக் 98இல் நிற்கிறார். அவர்களுக்கு எதிராக அவருக்கு டெஸ்ட் சதமே கிடையாது. அதன் பிறகும் அமையவில்லை. கேப்டன் மைக் ஆதர்ட்டனுக்கு அவசரம். ஹிக் நிதானமாகத் தடுத்தாடிக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த ஆதர்ட்டன், 255க்கு 2 என்ற நிலையில் டிக்ளேர் செய்துவிட்டார். ஆட்டம் கடைசியில் டிரா. இரண்டு ரன்னும் போயிற்று, வெற்றியும் வரவில்லை.

ராம்பிரகாஷ் வேறு ரகம். தந்தை கயானாக்காரர், கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வழிவந்தவர், தாய் ஆங்கிலேயர். 18 வயதில், 1988 நாட்வெஸ்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில், லார்ட்ஸ் மைதானத்தில் 56 எடுத்து மிடில்செக்ஸை ஜெயிக்க வைத்து ஆட்ட நாயகன் ஆனார். அன்று தோற்ற அணி எது? வூஸ்டர்ஷர். பாருங்கள், இந்த இருவரையும் பிரிக்கவே முடியவில்லை.

ஆட்டத்தின் அழகில் ஹிக்கைவிட இவர் ஒரு படி மேல். கோபமும் ஒரு படி மேல். 1991 தொடரில் ஒன்பது இன்னிங்ஸ் ஆடினார். பலவற்றில் நெடுநேரம் நின்றார். ஒரு அரைச்சதம்கூட இல்லை. முதல் டெஸ்ட் சதத்துக்கு 1998 வரை காத்திருந்தார்: பார்படோஸில் 154. இரண்டாவது 2001இல் ஓவலில், மெக்ராவும் வார்னும் வீச, 133. அவ்வளவுதான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மட்டும் எடுத்துப் பார்த்தால் அவருடைய டெஸ்ட் சராசரி 42.40. அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக! மற்றவர்களிடம் கோட்டை விட்டுவிட்டு ஊரிலேயே பெரிய ரவுடியிடம் மட்டும் ஒழுங்காக ஆடியவரை என்னவென்று சொல்வது?

டெஸ்ட் அணிக் கதவு அடைபட்ட பிறகு அவர் ஆடியது தனிக் கதை. 2006இல் கவுன்ட்டியில் 2,278 ரன், சராசரி 103.54. அடுத்த ஆண்டு 2,026 ரன், சராசரி 101.30. நடுவில் தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு அதையும் ஜெயித்தார். கிரிக்கெட்டில் அவரிடம் எல்லோரும் கேட்டது ‘கொஞ்சம் தளர்ந்து ஆடப்பா’ என்பதுதான். அதை அவர் பால்ரூம் நடன உடையில் வந்தவர்களுக்கு நடுவே செய்து காட்டினார்.

2008 ஆகஸ்டில் முதல்தர கிரிக்கெட்டில் நூறாவது சதம் அடித்தார். எந்த மைதானம்? ஹெடிங்லி. 27, 27 எடுத்த அதே ஹெடிங்லி. அவருக்கு முன் நூறு சதத்தைத் தொட்டவர் யார்? ஹிக், 1998இல். ராம்பிரகாஷுக்குப் பிறகு இன்றுவரை எவரும் தொடவில்லை. ஹிக் 136 சதத்தோடும் 41,112 ரன்னோடும் விலகினார். ராம்பிரகாஷ் 114 சதத்தோடு 2012இல் விலகினார்.

உதவி ஆசிரியர் மூன்றாம் முறை போன் செய்துவிட்டார். “சார், நாலு மணிக்குப் பக்கம் போயாகணும். சிவா போட்டோ வச்சு லே-அவுட் முடிச்சாச்சு.” போட்டோவை எடுத்துவிடுங்கள் தம்பி என்றேன். பதில் வரவில்லை. படத்தில் சிவா இருந்தால் மன்னியுங்கள்.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை அந்த ஹெடிங்லி அட்டையை மறுபடி விரித்தேன். முதல் இரண்டு நாளும் நான் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு வரி அதில் இருந்தது. இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ் 252. அதில் கேப்டன் கிரகாம் கூச் முதல் பந்திலிருந்து கடைசி வரை நின்று, ஆட்டமிழக்காமல் 154. ஆம்ப்ரோஸ், மார்ஷல், வால்ஷ், பேட்டர்சன் நால்வரும் மாறி மாறி வீசினார்கள். கூச்சுக்கு அடுத்த அதிகபட்ச ஸ்கோர் என்ன? 27. ராம்பிரகாஷும் டெரிக் பிரிங்கிளும் ஆளுக்கு 27. இங்கிலாந்து 115 ரன்னில் ஜெயித்தது. சொந்த மண்ணில் மேற்கிந்தியத் தீவுகளை அவர்கள் வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று மாலை ஹெடிங்லியில் கைதட்டியவர்களுக்கு அந்த 27 ஒரு முட்டுக்கட்டை மாதிரி, சுவர் விழாமல் தாங்கிய கட்டை. அதைச் சாபமாகப் படித்தவன் நான்; அதுவும் முடிவு தெரிந்த பிறகு, பின்னாலிருந்து முன்னாகப் படித்து.

இன்னும் சந்தேகம் இருந்தால் கூச்சின் முதல் டெஸ்ட்டைப் பாருங்கள். 1975, எட்ஜ்பாஸ்டன், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. முதல் இன்னிங்ஸ் பூஜ்யம். இரண்டாவது இன்னிங்ஸ் பூஜ்யம். அந்த முளையிலிருந்து விளைந்தது 8,900 டெஸ்ட் ரன், அதில் லார்ட்ஸில் நம் தலையில் இறக்கிய 333ம் சேர்த்தி. இதே கூச் 1993இல் சென்னையில் இறால் தின்று வயிறு கெட்டு சேப்பாக்கம் டெஸ்ட்டைத் தவறவிட்டார் என்பது இங்கே சம்பந்தமில்லாத சேதி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாத்தியாரிடம் போய் கூச் கணக்கைச் சொன்னேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அந்த ஆறும் ஆறும்?” என்றார். தற்செயல் சார் என்றேன். அவருக்கு வருத்தம்தான். எனக்கும்தான்.

இருவரைப் பற்றியும் கடைசியாக ஒன்று. 2017–18 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தின் பேட்டிங் பயிற்சியாளர் மார்க் ராம்பிரகாஷ். ஆஸ்திரேலியாவின் பேட்டிங் பயிற்சியாளர் கிரேம் ஹிக். ஆஸ்திரேலியா 4–0 என்று ஜெயித்தது. ஐந்தாவது டெஸ்ட் சிட்னியில், ஜனவரி மாதம். ஹிக் சொல்லிக்கொடுத்தவர்கள் 7 விக்கெட்டுக்கு 649 எடுத்து டிக்ளேர் செய்தார்கள். கவாஜா, மார்ஷ் சகோதரர்கள் என மூவர் சதம் அடித்தார்கள். 98இல் யாரையும் யாரும் நிறுத்தவில்லை.

சிவா அடுத்த வாரம்; அதே வான்கடேயில், 1984இல், 12 விக்கெட். அந்த டெஸ்ட்டை நேரில் பார்த்தவர்களோ வானொலியில் கேட்டவர்களோ உங்களில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.