தலைவருக்கு நாற்காலி இல்லை

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழகமெங்கும் பரவியது. கடலூர் மாவட்டம் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சி மன்றக் கூட்டம். மற்ற உறுப்பினர்கள் பலர் நாற்காலிகளில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரோ தரையில்.

கொடியேற்றக்கூடத் தன்னை விடவில்லை என்றார் அவர். செய்தி வெளியானதும் ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்குதல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தெற்குத்திட்டையில் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இடஒதுக்கீடு முதலாவதைக் கொண்டுவந்தது. சட்டப்படி அதிகாரமும் இருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் குறையே தெரியாது. ஆனால் கூட்டத்தில் உட்கார இடமில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்போது தமிழக ஊராட்சிகளில் காசோலைக்குத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. துணைத் தலைவர் பேனாவை எடுக்காவிட்டால் தெருவிளக்குக்குக்கூடப் பணம் நகர்ந்திருக்காது.

உள்ளடக்குதலுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-லேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சேர்த்துக்கொண்டதோடு நிற்காமல், தங்கிப் படிக்க விடுதியும் ஏற்படுத்தினார்.