செல்போன் திரைக்கும் ஒரு மாதிரி நோட்டு!

தையல் வகுப்புக்குப் போன சகோதரிகளுக்கு மாதிரி நோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துண்டுத் துணியில் ஹெம்மிங், காஜா, ப்ளீட், சுருக்கு என்று ஒவ்வொன்றாகத் தைத்து, நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே அளவையும் எழுதி வைப்போம். பார்க்க வருகிற டீச்சர் கெட்டிக்காரர் என்றால் துணியின் மேல்பக்கத்தோடு விட மாட்டார். திருப்பி உள்பக்கத் தையலைத்தான் பார்ப்பார்!

இந்த மாதிரி நோட்டுக்கு இப்போது 'போர்ட்ஃபோலியோ' என்று பெயர். நம் பெண் பிள்ளைகள் பலர் ஆசைப்படுகிற 'யூ.எக்ஸ். டிசைன்' என்ற வேலைக்கு மார்க் ஷீட்டை விட இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் அருப்புக்கோட்டையில் என் அண்ணன் மகள் இதற்காக எட்டு மாதம் பாடுபட்டாள். கூடவே உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், மற்ற தாய்மார்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில், யூ.எக்ஸ். என்றால் என்ன? உங்கள் வீட்டு காஸ் அடுப்பையே பாருங்களேன். நாலு பர்னர் சதுரமாக இருக்கும். நாலு திருகும் ஒரே வரிசையில் இருக்கும். எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று வருஷக் கணக்காகச் சமைக்கிறவர்களே சமயத்தில் தடுமாறுகிறோம். தப்பு நம் மேல் இல்லை, அடுப்பைச் செய்தவர் மேல்! இதையே டொனால்ட் நார்மன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் வெளியிட்ட புத்தகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். 1993-ல் ஆப்பிள் கம்பெனிக்குப் போனவர், தம் வேலைக்கு 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயரை வைத்துக்கொண்டார். அதன் சுருக்கம்தான் யூ.எக்ஸ். ஒரு பொருளையோ செல்போன் திரையையோ, பயன்படுத்துகிறவர் தடுமாறாமல் இருக்கும்படி அமைத்துக் கொடுக்கிற வேலை. படம் அழகாக வரைவது இதில் ஒரு பங்குதான்.

இது நமக்கு அந்நியமான சங்கதியும் இல்லை. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை நம் அரசாங்கம் வரவழைத்து யோசனை கேட்டது. 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் பார்த்துப் பாராட்டிய பொருட்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நாம் தண்ணீர் மொள்ளுகிற செம்புக்கு! கைக்கு அடங்குகிறதா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் நிலை எப்படி, ஊற்றினால் எப்படி விழுகிறது, கழுவ வசதியா என்றெல்லாம் கேள்வி கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. செம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இப்போது செல்போன் திரையைப் பற்றிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் உள்ளூர் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்தாள். இந்த வேலைக்குப் பயிற்சி தருவதாக ஒரு நிறுவனம் ஒன்றரை லட்சம் கேட்டது. பெயர் வேண்டாம். அண்ணன், மதினியின் சங்கிலியை எடுத்துக்கொண்டு பாங்குக்குக் கிளம்பியே விட்டார். தடுத்தவள் மகள்தான். அங்கே படித்து முடித்தவர்களின் போர்ட்ஃபோலியோக்களை நெட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். "எல்லாம் ஒரே அச்சுப்பா. சாப்பாடு கொண்டு வர்ற ஆப், பாட்டு கேக்குற ஆப். கலர் மட்டும்தான் வேற. அம்பது பேரு ஒரே சேலையைக் கட்டிக்கிட்டுப் போனா, என்னைய யாரு கண்டுபிடிப்பா?" என்றாள்.

தறிக்காரர் அல்லவா, சேலையைச் சொன்னதும் அண்ணனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது!

அந்தப் பயிற்சி வகுப்புகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சங்கிலியை வைப்பதற்கு முன், அங்கே படித்தவர்களின் போர்ட்ஃபோலியோ நாலைந்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்றுபோல் இருந்தால் யோசியுங்கள். திரை வரைய உதவும் 'ஃபிக்மா'வை ஆரம்பத்தில் காசில்லாமலே உபயோகிக்கலாம். 'பிஹான்ஸ்' என்ற தளத்தில் செய்ததை இலவசமாகப் போட்டு வைக்கலாம். பழைய லேப்டாப் ஒன்றுதான் எங்களுக்குச் செலவு.

சரி, என்ன செய்வது? எதைச் செய்து காட்டுவது? இங்கேதான் எங்கள் வறண்ட பூமி கை கொடுத்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா வீடு. பருத்தி, மிளகாய் வத்தல், மல்லி போடுகிற கரிசல் ஊர். அங்கே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மகளிர் குழு நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் அரசாங்கம் தொடங்கிய மகளிர் குழு இன்று எந்த ஊரில் இல்லை? கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில். எழுதுகிற பெண் ஒருத்திதான். மற்றவர்கள் வாரா வாரம், "என் கணக்குல எம்புட்டு நிக்குது?" என்று அவளையே கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மனசுக்குள் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. குழு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவரவர் கணக்கை அவரவர் போனிலேயே பார்க்க ஒரு திரை செய்வதாகத் தீர்மானித்தாள். உடனே கம்ப்யூட்டரைத் திறந்துவிடவில்லை. நாலு வாரம் திண்ணையில் அவர்களோடு உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டாள். பிறகு பேப்பரில் பென்சிலால் திரை திரையாக வரைந்தாள். பிறகுதான் ஃபிக்மா.

முதல் திரையில் வட்டமாக, வண்ண வண்ணமாக ஒரு படம். கட்டிய கடன் பச்சை, பாக்கி சிவப்பு. எனக்கே பார்க்க லட்சணமாக இருந்தது. பெரியம்மா போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னத்தா, பாதி கடிச்ச அப்பளம்?" என்றார்கள்! திரையின் மூலையில் மூன்று கோடு இருக்குமே, அதைத் தொட்டால் மற்ற விவரங்கள் வரும். அதைக் காட்டி, "விபூதிப் பட்டை எதுக்குப் போட்டிருக்கே?" என்று கேட்டார் இன்னொருவர். 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். "சமர்ப்பிக்கிறது சாமிக்கில்லையா?" என்றார் மற்றொருவர். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று வெயில். மிளகாய்க் காட்டில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனைத் திறந்தால், வெள்ளையில் சாம்பல் நிறத்தில் நாசூக்காக எழுதியிருந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதியே இருக்கிறதாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு அது ஒரு எண். எங்களுக்கு அது பன்னிரண்டு மணி வெயில்!

கடைசியில் அப்பளம் போய்விட்டது. இருபது தவணை என்றால் இருபது கட்டம். கட்டியதற்கெல்லாம் டிக் அடையாளம். கீழே பெரிய எழுத்தில் 'இன்னும் 7 தவணை'. ஏனென்றால் அந்தப் பெண்கள் கடனை ரூபாயாக நினைவு வைப்பதில்லை, தவணையாகத்தான் வைக்கிறார்கள். திண்ணையில் உட்காராமல் இது தெரிந்திருக்குமா? 'சமர்ப்பி' என்பது 'சரி, எழுதிக்கோ' என்று மாறியது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக, தொட்டால் வாயால் சொல்லும்படி ஒரு குரல் பொத்தானும் சேர்ந்தது.

மாற்றிய பிறகு வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாள். ஐந்து போதுமா என்று கேட்டேன். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும், மொத்தமாக நிறையப் பேரிடம் ஒரே தடவை காட்டுவதை விட ஐந்தைந்து பேராகத் திரும்பத் திரும்பக் காட்டுவது மேல் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-லேயே எழுதியிருக்கிறாராம். சோதிக்கும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்! "அங்கே தொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டால் சோதனையே கெட்டது.

போர்ட்ஃபோலியோவில் இந்தக் கதை முழுவதையும் அப்படியே வைத்தாள். திண்ணையில் எழுதிய குறிப்பு, பென்சில் படம், அப்பளத் திரை, அதைப் பார்த்துப் பெண்கள் சொன்னது, மாற்றிய திரை, ஏன் மாற்றினாள் என்பது. தோற்றுப்போன படத்தை யாராவது வேலை கேட்கிற இடத்தில் காட்டுவார்களா என்று அண்ணனுக்கு ஒரே கவலை. உள்பக்கத் தையலைப் பார்க்கிறவர்களிடம் அதைத்தானே காட்ட வேண்டும்!

இதுபோல மொத்தம் மூன்று வேலைகள். இரண்டாவது, கரண்ட் பில் கட்டுவதற்கான திரை. மூன்றாவதுக்கு செல்போனே வேண்டியிருக்கவில்லை. திருச்சுழி ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடான சுந்தர மந்திரத்தையும் திருமேனிநாதர் கோயிலையும் தேடி வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு எந்த இடத்தில், எந்தெந்த மொழியில், எவ்வளவு பெரிய எழுத்தில் பலகை வேண்டும் என்று நடந்து பார்த்துச் செய்தாள். மூன்றே போதும், பத்து வேண்டியதில்லை. பார்க்கிறவர்களுக்கு நேரம் சில நிமிஷம்தான். சிறந்ததை முதலில் வைக்க வேண்டும். செல்போனில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

இங்கிலீஷ்தான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. தமிழ் மீடியம் படித்தவள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொன்னேன். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். எனக்குப் புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். ஹைஸ்கூலோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி இருந்தால் கம்பெனிக்காரர்களுக்குப் புரியாதா, என்ன? பெண்கள் பேசியதைத் தமிழிலேயே வைத்து, கீழே அர்த்தம் கொடுத்தாள்.

பொய்க் கணக்கு எழுதவில்லை. 'இதனால் இத்தனை சதவீதம் பயன் கூடியது' என்று பலர் அளந்து விடுகிறார்களாம். இவள், 'இது இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை; ஐந்து பேரிடம் சோதித்தது மட்டுமே' என்று உள்ளதை எழுதினாள். இப்போதெல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டால் அழகான திரையை நிமிஷத்தில் போட்டுத் தருகிறது. அதை எங்கே உபயோகித்தாள் என்பதையும் எழுதிவிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் திட்டு வாங்குகிற வேலையை ஏ.ஐ. செய்யாது பாருங்கள்! குழுப் பெண்களிடம் அனுமதி கேட்டுத்தான் போட்டோ எடுத்தாள். பெயரையும் கணக்கு நம்பரையும் மறைத்துவிட்டாள்.

மேலே படிக்க வைக்க வசதியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்தவர்கள் 'யூசீட்', டிகிரி முடித்தவர்கள் 'சீட்' என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். இரண்டையும் நடத்துவது பம்பாய் ஐ.ஐ.டி. நம் காஞ்சிபுரம் ட்ரிபிள் ஐ.டி.டி.எம்.மில் 'சீட்' வழியாக எம்.டெஸ். படிக்க முடியும். நம் தென்பக்கத்திலேயே, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ கம்பெனி அலுவலகம் திறந்தது. அவர்கள் நடத்தும் ஜோஹோ பள்ளியில் டிசைனுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பிளஸ் டூ படித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பழக்குகிறார்கள். சென்னை, பெங்களூர் என்றதும் பெண்ணை அனுப்பத் தயங்குகிற வீடுகள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

என் அண்ணன் மகள் பதினேழு இடங்களுக்கு எழுதிப் போட்டாள். பதினோரு இடத்திலிருந்து பதிலே இல்லை. நாலு இடத்தில் 'அனுபவம் வேண்டும்' என்றார்கள். அந்த வாரம் மதினி ஜாதகக் கட்டை வெளியே எடுத்துவிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் பொறு மதினி" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரப் பேச்சில் அரை மணி நேரம் அந்த அப்பளத் திரையைப் பற்றியேதான் கேட்டார்களாம். மதுரையில் ஆறு மாதப் பயிற்சி வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். ஆனாலும் நாலாவது வேலை ஒன்று, நிஜமாகவே உபயோகத்தில் உள்ளது, அவள் நோட்டில் ஏறும்.

பதினேழாவது இடம் எது என்று சொல்லவில்லையே? வேலை உறுதி, முதலில் பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டு என்றார்கள். வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. 'பரீட்சை' என்ற பெயரில் தங்கள் கம்பெனி ஆப்புக்கே பத்துப் பதினைந்து திரை வரைந்து தரச் சொல்லிவிட்டு, வாங்கியதும் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஒரு நாளில் முடிகிற சின்னப் பரீட்சை என்றால் செய்து கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால், கூலி எவ்வளவு என்று நம் பெண்கள் கூசாமல் கேட்கட்டும்.