பொட்டலத்தை அலட்சியம் செய்தேன்!

எங்களுக்கு அரியலூர் பக்கம் கிராமம். இரண்டு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. "பல்லு முளைக்குது, அப்படித்தான்" என்பார் மாமியார். நானோ சோற்றை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துப் பெரம்பலூருக்கு ஓடி, "ஊசி போடுங்க டாக்டர்" என்பேன். பிள்ளை துரும்பாக இளைத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கிராம நர்ஸம்மா உரிமையோடு திட்டினார். "பட்டினி போட்டா புள்ள எப்படித் தேறும்? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுசையும் 1 லிட்டர் ஆறின வெந்நீர்ல கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாக் கொடு. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதே. போக்கு நின்னாலும் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடு. கஞ்சி, இட்லியை நிறுத்தாதே" என்று, இரண்டையும் இலவசமாகவே தந்தார்.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதுபோன்ற உப்பு, குளுக்கோஸ் கரைசலால்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினாராம். நானோ 'வெறும் பொட்டலம்தானே' என்று இருந்துவிட்டேன்!

அடுத்த முறை நர்ஸம்மா சொன்னபடியே செய்தேன். பிள்ளை துவளவே இல்லை. இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஊட்டுவதும் இல்லை. போக்கும் முன்போல் அடிக்கடி வருவதில்லை.

ஆனால் தாய்மார்களே, கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!

— ஒரு வாசகி, அரியலூர்.