எந்த வண்டி என்று தெரியாது, எத்தனை வண்டி என்று தெரியும்

வாகன வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற மாதம் வந்தால் என் மச்சான் வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பார். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் ஆட்டோ ஓடுகிறவர். "மச்சான், இந்த முறை இன்சூரன்ஸ் எங்க போடுவம்? கவர்மென்டா, பிரைவேட்டா?"

கேள்வி விழுந்ததும் தரிப்பிடத்தில் நிற்கிற எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ஒருவருக்குக் களுவாஞ்சிக்குடியில் இரவில் மாடு குறுக்கே பாய்ந்தது. போன் எடுத்து முக்கால் மணித்தியாலத்தில் ஆள் வந்து, படம் பிடித்து, அந்த இடத்திலேயே தொகையைப் பேசி முடித்துவிட்டார். இன்னொருவரின் வண்டியை ஊறணியில் ஒரு வான் இடித்தது. நான்கு மாதம் அலைந்தும் கராஜ் பில்லில் பாதிதான் கைக்கு வந்தது. முதலாமவர் தன் நிறுவனத்தைக் கும்பிடாத குறையாகப் பேசுகிறார். இரண்டாமவர் அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிறார். இருவரின் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பத்திரம்.

இந்த முரண் என்னைப் பல நாள் விடவில்லை. கடைசியில் அதற்கு விளக்கம் கிடைத்தது 300 ஆண்டுக்கு முந்திய ஒரு கணிதத்தில்.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் யாக்கோப் பேர்னூலி என்றொரு கணித அறிஞர் இருந்தார். தற்செயலாக நடப்பவற்றுக்குள் ஒழுங்கு இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. 20 ஆண்டுகள் அதை மனதில் சுமந்தார். 1705இல் இறந்தார். விடை அடங்கிய நூல் 1713இல்தான் அச்சேறியது. ஒரு நிகழ்வு எப்போது நேரும் என்று தெரியாவிட்டாலும், பார்க்கிற தடவைகள் கூடக் கூட, அது நேருகிற விகிதம் ஓர் எண்ணில் போய் நிலைகொள்ளும் என்று அவர் நிறுவினார். பேரெண் விதி என்று இதைச் சொல்கிறோம்.

இதை எங்கள் தரிப்பிடத்துக்குக் கொண்டுவருவோம். ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஆட்டோ ஓர் ஆண்டில் இழப்பீடு கேட்கும்படியான விபத்தில் சிக்குவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விபத்துக்கு 40,000 ரூபா செலவு. நாங்கள் 100 பேர் சேர்ந்து எங்களுக்குள்ளேயே ஒரு நிதி தொடங்குகிறோம். ஆண்டுக்குச் சராசரியாக 5 விபத்து, 2 இலட்சம் ரூபா. ஆளுக்கு 2,000 போட்டால் போதும் போலத் தோன்றும். ஆனால் 100 பேருக்குள் எண்ணிக்கை தள்ளாடும். ஓர் ஆண்டில் ஒரே ஒரு விபத்து, அடுத்த ஆண்டில் 9 என்று வரலாம். முதல் ஆண்டிலேயே 9 வந்துவிட்டால் ஐந்தாவது ஆளோடு நிதி வெறுமையாகி, மிச்ச நான்கு பேரும் வெறுங்கையோடு நிற்பார்கள்.

இதையே 10,000 வண்டிகளுக்குச் செய்தால் சராசரி 500. பெரும்பாலான ஆண்டுகளில் எண்ணிக்கை 456க்கும் 544க்கும் இடையில் நின்றுவிடும். 10 இலட்சம் வண்டிகள் என்றால் சராசரி 50,000, தள்ளாட்டமோ நானூற்றுச் சொச்சம், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கூட்டம் நூறு மடங்கு பெருகும்போது தள்ளாட்டம், விகிதத்தில், பத்தில் ஒன்றாகக் குறைகிறது. கொழும்பில் இருக்கும் ஒரு கணக்காளருக்கு அடுத்த ஆண்டு யாருடைய வண்டி நசுங்கும் என்று தெரியவே தெரியாது. எத்தனை நசுங்கும் என்பது கிட்டத்தட்டத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவருக்கு "உனக்கு நேர்ந்தால் நான் தருகிறேன்" என்று எழுதிக் கையொப்பம் வைக்கிற துணிவு அந்த அறிவிலிருந்துதான் வருகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இனி அதே கணக்கை வண்டிக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். இருபதில் ஒரு வாய்ப்பு என்றால் 20 ஆண்டில் ஒரு விபத்து. அதுகூடச் சராசரிதான். கணக்குப்படி 100 பேரில் 36 பேருக்கு அந்த 20 ஆண்டிலும் ஒன்றும் நேராது. தங்கள் நிறுவனம் நல்லதா கெட்டதா என்று அறிய அவர்களுக்குச் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை. மற்றவர்களுக்கும் கையில் இருப்பது ஓர் அனுபவம், மிஞ்சினால் இரண்டு. களுவாஞ்சிக்குடி மாடும் ஊறணி வானும் அப்படிப்பட்ட ஒற்றை அனுபவங்கள். நிறுவனத்தைத் தெளிவில் வைக்கிற விதியே வாடிக்கையாளரை இருட்டில் வைக்கிறது. ஒரு கதையைக் கொண்டு அவர் நிறுவனத்தை எடைபோடுகிறார். நிறுவனமோ ஆயிரக்கணக்கான கதைகளைக் கொண்டு அவரை எடைபோட்டு முடித்திருக்கிறது.

அரசா, தனியாரா என்ற கேள்விக்கும் ஒரு வயது உண்டு. வீதியில் ஓடும் வண்டிக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்று 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தில் அதை விற்ற நிறுவனங்களில் பல வெளிநாட்டைச் சேர்ந்தவை. 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் உருவானது. 1962இல் ஆயுள் காப்புறுதியும் 1964இல் வாகனம் உள்ளிட்ட பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமை ஆயின. அதன்பின் பல ஆண்டுகள் மச்சானின் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. 1988இல்தான் தனியார் நிறுவனங்கள் மீண்டும் தொழிலுக்கு வந்தன. 2003இல் அந்த அரச நிறுவனமே தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த விற்பனை செல்லாது என்று தீர்ப்பளிக்க, மறுபடியும் அரசின் கைக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது, எங்கள் ஊர் வாய்வழக்கில் "கவர்மென்ட் இன்சூரன்ஸ்" என்றிருந்த நிறுவனம் உண்மையில் தனியாரின் சொத்து.

அந்தக் காலையை இங்கே நினைக்காமல் மேலே போக முடியாது. பேரெண் விதி உடைகிற இடம் அதுதான். பேர்னூலியின் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒருவருக்கு நேர்வதற்கும் மற்றவருக்கு நேர்வதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. எங்கள் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கும். சாவு ஒவ்வொன்றாக வருவதால்தான் சங்கம் நிற்கிறது. நாவலடி போன்ற ஓர் ஊரில் கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே காலையில் போய்விட்டால் சங்கம் என்ன செய்யும்? 1978 நவம்பர் 23 சூறாவளியும் அப்படித்தான். அந்த இரவில் மட்டக்களப்பில் தென்னை சாயாத வளவு இல்லை என்று எங்கள் பெத்தா சொல்லுவா. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்ற வேற்றுமை காற்றுக்குக் கிடையாது. இந்த இடத்தில் 100 வண்டி இருந்தாலும் 10,000 வண்டி இருந்தாலும் ஒன்றுதான். எல்லாம் ஒன்றாக நனையும்.

தப்புவதற்கு வழி, கூட்டத்தைக் கடல் தாண்டி விரிப்பது. நிறுவனம் தன் சுமையில் ஒரு பங்கை இன்னொரு நிறுவனத்திடம் காப்புறுதி செய்கிறது. இதற்கு மீள்காப்புறுதி என்று பெயர். சுவிற்சர்லாந்தில் கிளாறுஸ் என்ற ஊர் 1861இல் தீயில் அழிந்தபோது உள்ளூர் நிதிகள் தாங்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து 1863இல் சூரிச்சில் ஒரு மீள்காப்புறுதி நிறுவனம் பிறந்தது. இன்றைக்கும் உலகின் பெரியவற்றில் அது ஒன்று. மட்டக்களப்பு வெள்ளமும் ஐரோப்பியப் புயலும் ஜப்பான் நிலநடுக்கமும் ஒரே ஆண்டில் ஒன்றாகச் சேர்வது அரிது. பேர்னூலியின் விதி உலக அளவில் மீண்டும் உயிர் பெறுகிறது.

அந்த உலகமும் ஒருநாள் கையை விரித்தது. 1983 ஜூலை வன்முறையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் வாகனங்களும் எரிந்த பின், இலங்கையின் கலவர இடரைச் சுமக்க வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர் தயங்கினர். விபத்துக்கு விகிதம் கணிக்கலாம். மனிதர் கூடித் தீ வைப்பதற்கு எந்த விகிதத்தை எழுதுவது? அதனால் 1987இல் அரசு ஒரு தனி நிதியை அமைத்தது. வேலைநிறுத்தம், கலகம், குடியியல் குழப்பம், பயங்கரவாதம் என்பவற்றால் வரும் சேதத்துக்கு அது பொறுப்பு. இன்று அதை, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது.

நான் மச்சானுக்குச் சொல்ல விரும்பியது இதைத்தான். தனியார் நிறுவனத்தில் முழுக் காப்புறுதி போட்டவரும் அந்தக் கலவரக் காப்பை வாங்கியிருந்தால், அவருடைய பத்திரத்துக்குள் அரசு ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்பணப் பட்டியலில் "எஸ்.ஆர்.சி.சி." என்றும் "ரி.சி." என்றும் சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது கலவரத்துக்கு, இரண்டாவது பயங்கரவாதத்துக்கு. அந்தக் காசு நிறுவனத்தில் தங்காமல் நிதியத்துக்குப் போகிறது. 2022 மே 9 வன்முறையில் நாடெங்கும் வாகனங்கள் எரிந்தபோது, அந்த வரிக்குக் கட்டியிருந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. 2019 ஏப்ரல் 21இல் எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகளும் மாண்டார்கள். அந்த இழப்பை எந்தப் பத்திரமும் ஈடு செய்யாது. ஆனால் அப்படியொரு நாளில் எரிந்த வண்டி ஒன்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை அந்தச் சின்ன வரியில்தான் இருக்கிறது. அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான கோடு இரண்டு பெயர்ப்பலகைகளுக்கு நடுவே ஓடுவதாக நாங்கள் நினைக்கிறோம். அது ஒவ்வொரு பத்திரத்தின் உள்ளேயும் ஓடுகிறது.

அப்படியானால் ஊறணிக்காரருக்கு ஏன் பாதி? நிறுவனம் அரசுடையதா தனியாருடையதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய பத்திரத்தைக் கராஜ் பில்லோடு வைத்து இரண்டு மணித்தியாலம் வாசித்தேன். முழுவதும் ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கையொப்பம் மட்டும் தமிழில் இருந்தது. அதைப் பார்த்தபோது மனம் கனத்தது. தான் எதற்கு உடன்பட்டோம் என்பதைத் தன் மொழியில் வாசிக்கக் கிடைக்காமல் ஒருவர் ஆண்டுதோறும் காசு கட்டுகிறார்.

விடை பெறுமதி என்ற இடத்தில் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவும் சரிந்தது. தனிப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை மடங்காக ஏறியது. அவரோ பத்திரத்தைப் புதுப்பித்தபோதெல்லாம் பழைய பெறுமதியையே எழுதியிருந்தார். பெறுமதி கூடினால் கட்டுப்பணமும் கூடும் என்ற பயம். சந்தையில் 14 இலட்சம் பெறும் வண்டியை 7 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் பாதி வண்டிக்குத்தான் கட்டுப்பணம் போகிறது. மற்றப் பாதிக்கு உரிமையாளர் தானே காப்புறுதியாளர் என்று பத்திரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு இலட்சம் ரூபாச் சேதத்துக்கு 50,000தான் வரும். வண்டி முழுதாக அழியவில்லையே, 7 இலட்சத்துக்குள்தானே கேட்கிறோம் என்று அவர் வாதாடியது எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் இந்த விகித விதி சிறிய சேதத்துக்கும் பொருந்தும். பழைய உதிரிப்பாகத்துக்குப் பதில் புதியது போட்டால் தேய்மானம் கழிப்பார்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் கொஞ்சத் தொகையை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்றும் சில பத்திரங்களில் இருக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியானதும், சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓடியதும் முழுக் கோரிக்கையையுமே சாய்த்துவிடக் கூடியவை. மாட்டில் மோதியவரின் பத்திரத்தில் பெறுமதி சரியாக இருந்தது, சேதமும் சிறிது. அந்த இடத்திலேயே முடிந்ததன் காரணம் அதுதான்.

நிறுவனம் சொன்னது நியாயமில்லை என்று படுகிறவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. மேற்பார்வைக்குக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. பிணக்குகளைக் கேட்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் 2005இலிருந்து இருக்கிறார். இரண்டும் கொழும்பில். ஊறணிக்காரர் அந்த இரண்டு பெயரையும் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை.

போன கிழமை மச்சான் தன் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். வாவிக் காற்றில் பறக்காமல் தேநீர்க் குவளையை மேலே வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தோம். "எஸ்.ஆர்.சி.சி." என்ற வரியில் விரலை வைத்து, "இது அப்ப கவர்மென்டுக்கா போற?" என்று கேட்டார். ஓம் என்றேன். விரல் கீழே இறங்கிப் பெறுமதி எழுதியிருந்த கட்டத்தில் நின்றது. 2019இல் லீசிங்காரர் எழுதிக் கொடுத்த தொகை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனை எடுத்துத் தாழங்குடாவில் ஆட்டோ வாங்கி விற்கும் தன் கூட்டாளிக்கு அடித்தார்.

"தம்பி, என்ர வண்டி இப்ப என்ன விலைக்குப் போகும்?"