அரிசி டிரம்மில் சிக்கிய 7 டப்பாக்கள்! கீமோ ஊசி போடும்போது சத்து மாத்திரை விழுங்கலாமா?

(நமது நிருபர்)

சென்னை,

புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெண் ஒருவர், புருஷனுக்கும் தெரியாமல், டாக்டருக்கும் தெரியாமல் விழுங்கி வந்த 7 டப்பா சத்து மாத்திரைகள் பெரம்பூரில் அரிசி டிரம்முக்குள் இருந்து கிடைத்தன. கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. கல்லூரியில் படிக்கும் மகள்.

இது திருட்டு வழக்கு இல்லை. கடத்தல் சரக்கும் இல்லை. எந்த மருந்துக்கடையிலும் காசு கொடுத்தால் கிடைக்கிற சாதாரண மாத்திரைகள்தான். ஆனாலும் அந்த 7 டப்பாவால் அந்தக் குடும்பம் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

விவரம் வருமாறு:-

சிங்கப்பூர் பார்சல்

வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். வயது 54. மனைவிக்கு 47. (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.) மனைவிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கீமோ. 3 வாரத்துக்கு ஒரு தடவை 'சிவப்பு ஊசி'. மொத்தம் 4 தடவை. அது முடிந்ததும் வேறு ஒரு மருந்து, வாரா வாரம் 12 தடவை.

சிவப்பு ஊசி என்று ஜனங்கள் சொல்வது டாக்சோரூபிசின் என்ற மருந்தை. பார்ப்பதற்கு ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரத்தில் அந்த அம்மாவுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. வாயில் புண். ரசம் சாதம்கூட எரிந்தது. குக்கரைத் தூக்கி இறக்கத் தெம்பு இல்லை.

பார்த்துவிட்டுப் போன நாத்தனார், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தன் மகனுக்குப் போன் போட்டார். "உங்க அத்தை துரும்பா போயிட்டாடா. ஏதாவது சத்து மாத்திரை அனுப்பு" என்றார். அவனும் பாசமுள்ள பையன். 10 நாளில் பார்சல் வந்தது.

வைட்டமின் சி 1,000 மில்லிகிராம். வைட்டமின் ஈ 400 யூனிட். பீட்டா கரோட்டின். செலினியம். மஞ்சள் சத்து கேப்சூல். கிரீன் டீ சத்து கேப்சூல். நரம்புக்கு ஒரு மாத்திரை. ஆக 7.

"இவர்கிட்டே சொன்னா டாக்டரைக் கேளுன்னு சொல்வாரு. டாக்டரைக் கேட்டா வேண்டாம்னு சொல்வாங்க. அதான் சொல்லலை" என்றார் அந்த அம்மா. அரிசி டிரம்மை அவரைத் தவிர யாரும் திறப்பது இல்லை. உடம்புக்கு முடியாமல் அவர் படுத்திருந்த ஒரு சனிக்கிழமை, மகள் அரிசி எடுக்கப் போய்க் கையை விட்டார். அகப்பட்டது.

"என்னம்மா இது?"

"சத்து மாத்திரைடி. அப்பாகிட்டே சொல்லாதே."

மகள் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மூன்றாவது ஊசிக்குப் போகும்போது 7 டப்பாவும் ஒரு மஞ்சள் பையில் ஆஸ்பத்திரிக்குப் போனது. சங்கிலி பறிப்பு செய்தி ஒன்றுக்காக அந்தப் பக்கம் போயிருந்த நிருபர், ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் இவர்களைச் சந்தித்தது அன்றுதான்.

"நான் கடைக்காரன் சார். என் கடையிலே காலாவதி சரக்கு வித்தா நான் பதில் சொல்லணும். இந்த டப்பாவுக்கு யார் சார் பதில் சொல்றது?" என்று கேட்டார் மளிகைக்கடைக்காரர். நியாயமான கேள்வி. அதைத் தேடித்தான் நிருபர் சுற்றினார்.

துரு பிடிக்காத மாத்திரை

இந்த மாத்திரைகளுக்கு 'ஆன்டி ஆக்சிடென்ட்' என்று பெயர். இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பின் செல்களுக்குள்ளும் ஒருவித அரிப்பு நடக்கிறது. 'ப்ரீ ராடிக்கல்' என்ற துடுக்கான துகள்கள் செய்யும் வேலை அது. அதைத் தடுக்கிற சத்து நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் கீமோவில் சமாசாரம் தலைகீழ். சிவப்பு ஊசி போன்ற சில மருந்துகள், புற்றுநோய் செல்லுக்குள் அதே ப்ரீ ராடிக்கலைக் கிளப்பிவிட்டுத்தான் செல்லைச் சாகடிக்கின்றன. அது மட்டும்தான் வழி என்று இல்லை. ஆனால் அதுவும் ஒரு வழி. சிஸ்பிளாட்டின் மருந்துக்கும் ஓரளவு இப்படித்தான். கதிர்வீச்சுக்கும் இதே கதைதான்.

கிரைம் நிருபருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், கூட்டத்தில் புகுந்த ரவுடிகள் மீது தடியடி நடக்கிறது. பொதுஜனத்துக்கு அடிபடக்கூடாது என்று கூட்டம் முழுவதற்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டால் ரவுடி தலையிலும் ஹெல்மெட் ஏறிவிடும். மாத்திரைக்கு ஆள் அடையாளம் தெரியாது.

டாக்டரம்மா பேட்டி

இதுபற்றிப் புற்றுநோய் டாக்டரம்மா ஒருவரிடம் நிருபர் பேட்டி கண்டார். பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையுடன் பேசினார்.

கேள்வி:- ஹெல்மெட் கதை சரி. அப்படி நடக்கிறது என்பதற்குச் சாட்சி உண்டா?

பதில்:- உண்டு. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு இதே சிவப்பு மருந்து, சைக்ளோபாஸ்பமைடு, பாக்லிடாக்செல் போட்ட 1,134 பெண்களை விசாரித்தார்கள். என்ன சத்து மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிவைத்துப் பிறகு கவனித்தார்கள். 2019 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஏ, சி, ஈ, கரோட்டின், கோஎன்சைம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது 41 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது.

கேள்வி:- அப்படியானால் குற்றம் நிரூபணம் ஆகிவிட்டதா?

பதில்:- இல்லை. அப்படிச் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 41 சதவீதம் என்பது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு இடம் கொடுக்கிறது. மாத்திரையால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே விசாரணையில் பி12 மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது 83 சதவீதமும், மரணம் சுமார் இரு மடங்கும் அதிகமாகத் தெரிந்தது. சாதாரண மல்டி வைட்டமினில் வித்தியாசம் இல்லை.

கேள்வி:- எதிர்ப்பக்கம் சாட்சி இல்லையா?

பதில்:- இருக்கிறது. 2007-ல் ஒரு குழு 19 சோதனைகளை, 1,554 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, கீமோவின் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று சொன்னது. ஆனால் அதில் பெரும்பாலும் சின்னச் சின்ன சோதனைகள். பெரிய சோதனைகளில் நடந்ததைக் கேளுங்கள். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்த 540 பேருக்கு வைட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும், அல்லது வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005, 2006-ல் முடிவு வந்தது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்புண் மாதிரி தொந்தரவு குறைந்தது. ஆனால் மரணம் கூடியது. கதிர்வீச்சு நடக்கும்போதும் சிகரெட் விடாதவர்களுக்குத்தான் பாதிப்பு என்று 2008-ல் பிரித்துக் காட்டினார்கள்.

(இந்த இடத்தில் நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தொந்தரவு குறைகிறது, உயிருக்கு ஆபத்து கூடுகிறது. சாப்பிடுகிறவருக்கு 'நல்லா இருக்கு' என்றுதானே தோன்றும்?)

கேள்வி:- பீட்டா கரோட்டின் கேரட்டில் இருப்பதுதானே?

பதில்:- கேரட்டில் இருக்கும்போது சாது. பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று நம்பித்தான் மாத்திரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த அடுத்த சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996-ல் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி:- நரம்பு மாத்திரையாவது பரவாயில்லையா? கீமோவில் கை கால் மரத்துப்போகிறது என்கிறார்களே?

பதில்:- டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். 'அசிட்டைல் கார்னிடின்' என்று இருக்கும். பாக்லிடாக்செல் மாதிரி மருந்தால் வரும் மரமரப்பைத் தடுக்கும் என்று 409 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. 24 வாரத்தில் மரமரப்பு அதிகமாகிவிட்டது.

பெரம்பூர் அம்மாவுக்கு அடுத்து வரப்போவது இதே பாக்லிடாக்செல்தான். டிரம்மில் கிடைத்த நரம்பு மாத்திரையிலும் அந்தச் சத்து இருந்தது.

கேள்வி:- டாக்டர்களே சில பேருக்கு வைட்டமின் எழுதித் தருகிறார்களே?

பதில்:- தருகிறோம். நுரையீரல் புற்றுநோய்க்குப் பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து போட்டால், போலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் கட்டாயம். கொடுக்காவிட்டால்தான் ஆபத்து. அதே போலிக் ஆசிட்டை, கேப்சிடபைன் சாப்பிடுகிறவர் அதிகமாகச் சாப்பிட்டால் பக்க விளைவு ஏறிவிடும். ஒரே மாத்திரை, ஒருவருக்கு நண்பன், இன்னொருவருக்கு வில்லன். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலும் தருவோம். எல்லா வைட்டமினும் விஷம் என்று எழுதிவிடாதீர்கள். எங்களுக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதிவிட்டோம்.

நெல்லிக்காய் குற்றவாளி அல்ல

வாசகர்கள் பயந்துபோய் ரசத்தில் மஞ்சள் போடுவதை நிறுத்திவிட வேண்டாம். சாப்பாட்டில் சேர்கிற மஞ்சள், கீரை, ஆரஞ்சு, நெல்லிக்காய் எதற்கும் தடை இல்லை என்கிறார் டாக்டரம்மா. ஒரு சிட்டிகை மஞ்சள் வேறு, மஞ்சளின் சத்தை மட்டும் இறுக்கி அடைத்த கேப்சூல் வேறு. மார்பகப் புற்றுநோய் செல்களிலும் எலிகளிலும் மஞ்சள் சத்து சில கீமோ மருந்துகளின் வேகத்தைக் குறைத்ததாக 2002-லேயே ஆராய்ச்சி வந்திருக்கிறது. கிரீன் டீ சத்து, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் போடும் போர்டிசோமிப் மருந்தை மடக்கிப் போடுவது 2009-ல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. மனிதரிடம் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க நம் வீட்டு நோயாளி எலியும் அல்ல.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கீமோ போட்டவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறையும். ரோட்டோரம் ஈ மொய்க்கும் வெட்டிவைத்த பழம் வேண்டாம். முழுப் பழமாக வாங்கி, கழுவி, வீட்டில் நறுக்கிச் சாப்பிட வேண்டும்.

நிருபர் கேட்டார், கடைக்காரர் கொடுத்தார்

ஆஸ்பத்திரியைச் சுற்றி 4 மருந்துக்கடைகளில் நிருபர் ஏறி இறங்கினார். "வீட்டிலே கீமோ நடக்குது. தெம்புக்கு நல்ல ஆன்டி ஆக்சிடென்ட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டார். 3 கடைகளில் சீட்டு கேட்காமல் எடுத்து நீட்டினார்கள். ஒருவர், "இதுதான் சார் நல்லாப் போகுது" என்றார்.

நான்காவது கடையில் இருந்த வயதான ஊழியர் மட்டும் டப்பாவைக் கையில் எடுத்தவர், மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். "கீமோவா? டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாப்பா. நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன்" என்றார். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்ட அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு.

இந்த டப்பாக்கள் மருந்து என்ற கணக்கிலேயே வருவது இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில், உணவு என்ற கணக்கில் வருகின்றன. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று டப்பாவில் அச்சடிக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதி சொல்கிறது. நிருபர் வாங்கிய டப்பாவிலும் இருந்தது. இங்கிலீஷில்! பெரம்பூர் மளிகைக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு டப்பாக்காரர் சொல்லும் பதில் அந்த ஒரு வரிதான்.

"கெடுத்துக்கிட்டேனா?"

திங்கட்கிழமை நடந்ததை மகள் சொன்னார். அந்த டாக்டர் டப்பாக்களை மேஜை மேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். திட்டவில்லை. எந்தத் தேதியில் இருந்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுக் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. "நான் போட்ட ரெண்டு ஊசியையும் கெடுத்துக்கிட்டேனா டாக்டர்?"

"கெட்டுப்போச்சுன்னு சொல்ல என்கிட்டே எந்த ஆதாரமும் இல்லைம்மா. இன்னையோட நிறுத்திடுங்க. வாய்ப்புண்ணுக்கும் சோர்வுக்கும் நான் மருந்து தர்றேன். முதல் ஊசி போட்டப்பவே என்கிட்டே சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"நீங்க கேட்கலையே டாக்டர்" என்று மகள் சொல்லிவிட்டாராம். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "அதுவும் சரிதான்" என்றாராம்.

அன்று ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அணுக்கள் போதுமான அளவு இருந்தன. மூன்றாவது ஊசி ஏறியது.

அன்று இரவு சிங்கப்பூரில் இருந்து போன் வந்தது. "மாமா, அத்தைக்கு அடுத்த மாசத்துக்கு மாத்திரை அனுப்பட்டுமா?"

நடந்ததைச் சொன்னால் பையன் மனசு உடைந்துபோவான் என்று மளிகைக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"மாத்திரை இங்கேயே டாக்டர் கொடுக்கிறாரு மாப்ளே. நீ ஒண்ணு பண்ணு. தலைக்குப் போட்டுக்கிற மாதிரி நல்ல பருத்தித் துணியிலே ரெண்டு தொப்பி அனுப்பு. இங்கே வெயில் தாங்கலை" என்றார்.